1992: இரண்டு தொட்டில்கள்

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தூரி என்றால் ஊஞ்சல். பச்சைக் குழந்தையைப் போடும் துணிக்குத் தொட்டில் என்றுதான் பெயர். மற்ற ஊர்களில் தூளி என்பார்கள், ஏணை என்பார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். விட்டத்தில் கயிறு, அதில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன ஒரு பழைய நூல் சேலை. துணி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு குழந்தைக்கு மூச்சு முட்டாமல் இருக்க, குறுக்கே ஒரு தொட்டில் கம்பு. புதுச் சேலையைக் கட்ட மாட்டார்கள். கஞ்சி விறைப்பு பிஞ்சுத் தோலுக்கு ஆகாது.

இந்தத் தொட்டிலில் குழந்தையை யாரும் கவிழ்த்துப் போடுவதில்லை. மல்லாக்கத்தான் போடுவார்கள். எந்த டாக்டரும் சொல்லித் தந்ததில்லை, துணியின் வளைவுக்கு அப்படித்தான் போட முடியும்.

இதை ஏன் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்றால், ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் படித்த மேற்கு நாடுகள் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுத் தூங்க வைத்தன! அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்போக் 1946ல் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அதன் 1950களின் பதிப்புகளில் கவிழ்த்துப் படுக்க வைப்பதே மேல் என்று வந்தது. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் அது தொண்டையில் அடைத்துவிடும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி நன்றாக இருந்த குழந்தை காலையில் தொட்டிலிலேயே இறந்து கிடப்பது அந்த நாடுகளில் தொடர்கதை ஆனது.

கவிழ்ந்து படுப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதற்கான ஆதாரம் 1970லேயே கிடைத்துவிட்டது என்கிறது 2005ல் வெளியான ஓர் ஆய்வு. அப்போதே முறையாகத் தொகுத்துப் பார்த்து அறிவுரையை மாற்றியிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கலாம் என்பது அதன் கணக்கு. தனித்தனி ஆய்வாகக் கிடந்ததை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1991 கடைசியில் பிரிட்டன் விழித்துக்கொண்டது. 1992 ஜூனில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வையுங்கள் என்று அறிவித்தது (பக்கவாட்டும் ஆகாது என்று பிறகு திருத்திக்கொண்டது). பத்து வருடத்துக்குள் அங்கே இந்தச் சாவுகள் பாதியாகக் குறைந்தன.

உடனே நம் பாட்டிகள் எல்லாம் விஞ்ஞானிகள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இன்றைய மருத்துவம் கேட்பது சமமான, கெட்டியான படுக்கை. வளைந்த துணியில் பச்சைக் குழந்தையின் தலை முன்னால் மடிந்து தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் நெருக்கப்படும். தலைப்பக்கம் 10 டிகிரிக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளும் நம் பேப்பர்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி இரண்டாவது தொட்டில். அதே 1992. இடம் சேலம், கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதி. இங்கே கேள்வி குழந்தையை மல்லாக்கப் போடுவதா கவிழ்த்துப் போடுவதா என்பதல்ல. பிறந்தது பெண் என்றால் தொட்டில் கட்டுவதா வேண்டாமா என்பதே கேள்வி.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 850 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தமிழ்நாட்டின் சராசரியோ 948. நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது, 1997ல்தான் தனி மாவட்டம் ஆனது. பெண் சிசுக்கொலை என்றதும் உசிலம்பட்டியையும், 1994ல் வந்த கருத்தம்மா படத்தையும்தான் எல்லோரும் நினைப்பார்கள். சேலத்துக் கணக்கு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. வரதட்சணை, சீர், பங்கு பிரிந்து சுருங்கிப்போகும் நிலம், ஒன்றிரண்டு பிள்ளை போதும் என்ற முடிவு... எல்லாம் சேர்ந்து பெண் குழந்தையைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டன. வரவுப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அவள் காட்டிலும் தறியிலும் உழைக்கும் கூலி வீட்டுக் கணக்கில் ஏறுவதே இல்லையே!

ஜெயலலிதா அரசு அந்த வருடம் சேலத்தில் தொடங்கியதுதான் தொட்டில் குழந்தைத் திட்டம். அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தைகள் இல்லம் போன்ற இடங்களில் தொட்டில் வைத்தார்கள். கொல்ல வேண்டாம், இங்கே விட்டுவிட்டுப் போங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்பது ஏற்பாடு. குழந்தைக்கு வைத்தியம் பார்த்து, பிறகு தத்துக் கொடுப்பார்கள். 2001ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் திட்டம் விரிந்தது.

யோசனை புதிதல்ல. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1445லேயே கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஒரு விடுதி இருந்தது. கராச்சியில் அப்துல் சத்தார் எதி தன் மையங்களின் வாசலில் தொட்டில் வைத்திருந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதே மாதிரி சுவர்ப் பெட்டி வந்தது 2000ல்தான், சேலத்துக்கு எட்டு வருடம் கழித்து.

திட்டத்தைத் திட்டியவர்களும் உண்டு. பெண் குழந்தை வேண்டாமென்றால் சர்க்காரிடம் தள்ளிவிடலாம் என்று அரசே சொல்லிக் கொடுப்பதாக ஆகாதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்று ராத்திரி அந்தக் குழந்தைக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை. இன்னொரு பக்கம் ஸ்கேன் மெஷின் வந்து, தொட்டில் வரைக்கும் போக வேண்டிய தேவையையே இல்லாமல் செய்துகொண்டிருந்தது. பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994ல் நிறைவேறி 1996ல்தான் நடைமுறைக்கு வந்தது.

2001 கணக்கெடுப்பிலும் சேலம் அதே 850 வாக்கில்தான் நின்றது. 2011ல் 900ஐத் தாண்டியது. சட்டமா, தொட்டிலா, பெண்கள் படித்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். முதல் வருடம் அந்தத் தொட்டிலில் படுத்த பெண்களுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல்.