வீட்டிலேயே படிக்கும் பிள்ளை பள்ளி டீமில் ஆட முடியுமா? அமெரிக்காவின் 'டிம் டீபோ சட்டம்' சொல்வது என்ன?

வீட்டுக்கு எதிரிலேயே அரசுப் பள்ளி மைதானம். தினமும் சாயங்காலம் அங்கே பயிற்சி நடக்குது. ஆனா உங்க பையன் உள்ளே போய் ஆட முடியாது. ஏன்னா அவன் அந்தப் பள்ளி மாணவன் இல்லை, வீட்டில் அம்மாவிடம் படிப்பவன். அமெரிக்காவில் ஹோம் ஸ்கூலிங் குடும்பங்கள் பல வருஷமாகச் சந்திக்கும் சிக்கல் இது. தீர்வு மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

பள்ளி டீம் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ் மாதிரி விளையாட்டுகளில் பிரச்னை இல்லை. பயிற்சி தனியார் கிளப்பில்தான். சிமோன் பைல்ஸ் 2012ல் பள்ளியை விட்டு வீட்டுக்கல்விக்கு மாறியதே பயிற்சிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கத்தான்.

அமெரிக்கன் ஃபுட்பால் அப்படி இல்லை (நம்ம ஊர் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு ஆடுவது). ஒரு பக்கம் 11 பேர், பெரிய மைதானம், கோச், செலவு பிடிக்கும் பாதுகாப்புக் கவசங்கள். இதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பள்ளியில்தான். ஸ்காலர்ஷிப்புக்கு ஆள் தேடும் கல்லூரி கோச்சுகளும் அங்கேதான் வருவார்கள். பள்ளி டீம் இல்லைன்னா அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

யார் இந்த டீபோ?

ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. எல்லோருமே வீட்டில் படித்தவர்கள். வீட்டுக்கல்வி மாணவர்கள் அரசுப் பள்ளி டீமில் ஆடலாம் என்று ஃபுளோரிடா 1996லேயே சட்டம் போட்டிருந்தது. அதைப் பயன்படுத்தி நீஸ் உயர்நிலைப் பள்ளிக்கு ஆட, அம்மாவும் மகனும் பக்கத்து கவுன்டியில் அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கினார்கள். 2005ல் அந்தப் பள்ளி மாகாண சாம்பியன். 2007ல் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மன் டிராஃபி டீபோவுக்கு. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. அதன்பிறகு எந்த மாகாணத்தில் இப்படி மசோதா வந்தாலும் அவர் பெயர்தான்.

எதிர்ப்பு எதுக்கு?

பெற்றோர் வாதம் எளிது: "நாங்களும் வரி கட்டுறோம்." பள்ளிகளின் பதிலும் லேசானதல்ல. டீமில் இருக்கும் மாணவன் பரீட்சையில் கோட்டை விட்டால் ஆட முடியாது. வீட்டில் படிப்பவனுக்கு மார்க் போடுவது அம்மாவோ அப்பாவோ ஆச்சே? வர்ஜீனியாவில் அப்போதைய ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் 2015, 2016, 2017 என மூன்று முறை மசோதாவை வீட்டோ செய்ததற்குச் சொன்ன காரணம் இதுதான். போதாக்குறைக்கு, பெரும்பாலான மாகாணங்களில் பள்ளிக்கு நிதி வருவது மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து. வெளியிலிருந்து வந்து ஆடும் பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஃபுளோரிடா இதில் உஷார். பள்ளியில் ஃபெயில் ஆகி டீமை இழந்தவன் "இனி வீட்டில் படிக்கிறேன்" என்று அடுத்த வாரமே திரும்பி வர முடியாது. வீட்டுக்கல்வியில் ஒரு மதிப்பீட்டுப் பருவத்தை வெற்றிகரமாக முடித்தால்தான் அனுமதி. நியாயமான தடுப்புதான் இது.

டெக்சாஸ் 2021ல் வேறு வழி பிடித்தது. தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் தன் வகுப்புக்கான தகுதியைக் காட்ட வேண்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பள்ளி மாவட்டமே முடிவு செய்யும் என்றது அந்தச் சட்டம்.

விளையாட்டு மட்டுமா?

இல்லை. டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் அமைப்பின் கீழ்தான் விவாதம், இசைப் போட்டிகளும் வருகின்றன. விவாதத்துக்கு எதிரணி வேணும், பேண்டுக்கு முப்பது நாற்பது பேர் வேணும். தனியாக வீட்டில் உட்கார்ந்து செய்யும் காரியமா அது!

தனி ஆளாகப் போட்டியிடும் இடங்களில் நிலைமையே வேற. தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியை 2000ல் வென்ற ஜார்ஜ் ஆபிரகாம் தம்பி, கேரளப் பின்னணி கொண்ட வீட்டுக்கல்வி மாணவர். அதே ஆண்டு தேசிய புவியியல் போட்டியிலும் இரண்டாம் இடம்.

உங்க சொந்தக்காரர் யாராவது அங்கே பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கிறார்களா? முதலில் தங்கள் பகுதிப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஃபுளோரிடாவில் ஆடத் தொடங்கும் முன்பே பள்ளியில் பெயர் பதிய வேண்டும்.