மேடு வந்தால் இறங்கி நட



யூபிலி மலர் என்றாலே ஆலயம் எழும்பிய கதையும், பணியாற்றிய சுவாமியார்களின் வரிசையும், படங்களும் இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆனால் ஞாயிறன்று பூசைக்கு வந்த குடும்பங்கள் மற்ற ஆறு நாள்களும் எப்படி வாழ்ந்தன, எங்கே போய் வந்தன, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வளர்த்தன என்பதும் வரலாறுதான். எழுதி வைக்காவிட்டால் அது நம் தலைமுறையோடு மறைந்துவிடும். ஆகவே பெருமாநல்லூர்ப் பக்கத்துக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி, கண்டதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

கிணறும் குடும்பமும்

நம் பகுதி மழை குறைந்த மேட்டு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் மானாவாரியில் விளைந்தன. கிணறு உள்ளவன் தோட்டம் வைத்தான். 1904-05 வாக்கில் கம்போடியாப் பருத்தி கோவைச் சீமைக்கு வந்தபின், கிணற்றுத் தோட்டங்களில் பருத்தி வெளுத்தது. அந்தப் பஞ்சை நம்பித் திருப்பூர்ச் சந்தை வளர்ந்தது.

தண்ணீர் எடுப்பது கவலை இறைத்துத்தான். விடியுமுன் காளைகளைப் பூட்டுவார்கள். காளைகள் சரிவில் இறங்கினால் சால் நிறைந்து மேலே வரும்; பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். அப்பா கவலை ஓட்டுவார். அம்மா மண்வெட்டியோடு தண்ணீர் கட்டுவார். பிள்ளைகள் வாய்க்கால் உடையாமல் பார்த்துக்கொள்வோம். குடும்பம் முழுவதும் ஒரே தோட்டத்தில், ஒரே வேலையில் இருந்தது. பழைய கம்மஞ்சோற்றைக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து குடிப்போம். பேச்சும் கண்டிப்பும் பாடமும் எல்லாம் அந்த வரப்பில்தான். பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு.

வண்டிப் பயணம்

அன்று ஊர் சுற்றுவது என்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான். அதில் பெரியது, அக்டோபர் மாதத்தில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா திருவிழாவுக்குப் போவது. சேலம் - கோவைப் பெருவழியில் மேற்கே சென்று, அவிநாசியைத் தாண்டிப் போக வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாத வழி. மாட்டுவண்டிக்கு அது ஒரு முழு இரவு.

கருமத்தம்பட்டி கோவைச் சீமையின் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்று. மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை 1846 அக்டோபர் 4 ஆம் நாள் ஆயராகத் திருநிலை பெற்றது அங்கேதான். பின்னர் அவர் ஐரோப்பா திரும்பி, 1856 இல் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவி, 1859 இல் சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் நகரில் நோயுற்று உயிர் நீத்தார். நம் வண்டிகள் போய் நின்ற அதே ஊரில் நடந்த பெரிய நிகழ்ச்சி இது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2019 இல் அவ்வாலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

நான் முதன்முதல் போனது 1963 இல். எனக்கு வயது ஒன்பது. தம்பிக்கு நான்கு. அப்பாரு இரண்டு நாள் முன்பே காளைகளுக்கு லாடம் பார்த்து, அச்சுக்கு மசகு போட்டுக் கடையாணியைத் தட்டிப் பார்த்துவிட்டார். வண்டிக்குள் சோளத்தட்டைப் பரப்பி மேலே சமுக்காளம் விரித்தார்கள். அம்மா புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொண்டார். அரிக்கன் விளக்கை வண்டிக்கு அடியில் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததும் புறப்பட்டோம்.

மாடும் கன்றும் எருமையும் வீட்டில் நின்றன. அவற்றுக்குத் தீனி போட்டுப் பால் கறந்தது யார்? பக்கத்துத் தோட்டத்து மாமா. அவர்கள் வீட்டார் பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் குண்டத்துக்கும், சித்திரையில் அவிநாசித் தேருக்கும் போகும்போது அவர்கள் மாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம். திரும்பி வரும்போது அவர்களுக்குப் பொரியும் மிட்டாயும் வாங்கி வர மறக்கக்கூடாது. இதற்குப் பெரிய பெயர் எதுவும் அன்று யாரும் வைக்கவில்லை.

வழியில் ஏற்றம் வந்தது. அப்பாரு வண்டியை நிறுத்தி, "மேடு வந்தா எறங்கி நடக்கோணும் கண்ணு, மாடும் உசுருதானே" என்றார். அம்மா இறங்கினார், அப்பா முன்னமே இறங்கியிருந்தார். எனக்குத் தூக்கம். இறங்க மாட்டேன் என்று அழுதேன். தூங்கிக்கொண்டிருந்த தம்பி விழித்து, தானாகக் குதித்து, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மேட்டின் உச்சி வரை வண்டியில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆனால் உச்சியில் எல்லாரும் மூச்சு வாங்க ஏறியபோது எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மின்சாரம் வந்தது

1932 இல் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. முதலில் ஆலைகளுக்கு, பிறகு மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கு. 1950, 60களில் கிணறுதோறும் மோட்டார் ஓடத் தொடங்கிற்று. கவலை நின்றது. காளைக்கு ஓய்வு, மனிதனுக்கும் ஓய்வு என்று எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் மோட்டார் இறைத்த வேகத்துக்கு மண்ணுக்குள் ஊறவில்லை. ஒவ்வொருவரும் கிணற்றை ஆழப்படுத்தினர். கடன் ஏறியது, மின்கட்டணமும் ஏறியது.

அக்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் திரண்ட போராட்டத்தில், 1970 ஜூன் 19 ஆம் நாள் நம் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மூன்று உழவர்கள் உயிரிழந்தனர். அன்று பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் உழவர்கள் கூடி அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். உழவுக்கு இலவச மின்சாரம் எல்லா உழவருக்கும் கிடைத்தது 1990 இல்தான். அதைப் பெறுவதற்குள் பல தோட்டங்களில் கிணறே வற்றிவிட்டது.

பனியன் கம்பெனி

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1925 வாக்கில் தொடங்கியது என்பர். 1978 முதல் வெளிநாட்டு ஏற்றுமதி பெருகியது. தோட்டம் கைவிட்ட குடும்பங்களுக்குச் சோறு போட்டது அத்தொழிலே. அதை மறுப்பது நன்றி கெட்ட செயல். காளையை விற்றவன் வீட்டுக்கும் சனிக்கிழமைதோறும் சம்பளம் வந்தது.

எங்கள் கிணறு 1971 இல் வற்றியது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டிய ஆண்டு அது. காளைகளை விற்ற பணம் கடனுக்கே சரியாகிவிட்டது. தம்பிக்குப் பன்னிரண்டு வயது. "அண்ணன் படிக்கட்டும், நான் கம்பெனிக்குப் போறேன்" என்று அவனே சொன்னான். ஒரு கம்பெனியில் தையற்காரருக்குக் கைமடி ஆனான். காலை இருட்டில் போய் இரவு இருட்டில் வருவான். அவன் சம்பளத்தில் நான் படித்து ஆசிரியரானேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளுக்கு "பள்ளிக்கு வா" என்று சொன்னேன். என் தம்பியிடம் ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு மிகவும் பின்னால்தான் புரிந்தது. அவன் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவன் இருக்கும்போதே இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்று உங்கள் முன் சொல்கிறேன்.

இன்றைய மேடு

இன்று ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. 2009 இலேயே திருப்பூர் தனி மாவட்டமும் ஆயிற்று. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுச் சலித்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, பவானியின் உபரி நீர் நம் வறண்ட பகுதியின் குளங்களை நாடி வருகிறது. வசதிகள் பெருகியுள்ளன. கருமத்தம்பட்டிக்குக் காரில் அரை மணி நேரம் போதும். கொடிவேரிக்கும் பவானிசாகருக்கும் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

ஆனால் ஒரே வீட்டில் அப்பாவுக்குப் பகல் வேலை, அம்மாவுக்கு இரவு வேலை, பிள்ளைக்குத் தனிப் பயிற்சி. ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் வேளை எது? வண்டி போனதற்காக நான் வருந்தவில்லை. அந்த ஓர் இரவு முழுவதும் குடும்பம் ஒன்றாக இருந்ததே, அது போனதற்குத்தான் வருத்தம். மாதத்தில் ஒரு நாளாவது, ஓவர்டைம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடும்பமாகப் புறப்படுங்கள். தாத்தா பாட்டியை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வழிநெடுகப் பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் இன்று நம் தெருக்களின் லைன் வீடுகளில் வாழ்கின்றன. அவர்கள் வீட்டிலும் ஒரு மூத்தவன் படிக்க, ஓர் இளையவன் பள்ளியை விட்டு இறங்கி நடக்கக்கூடும். அவனைக் கண்டால் பெயரைக் கேளுங்கள்; எந்த வகுப்பு என்று கேளுங்கள்; பள்ளியில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும் என்று அவன் பெற்றோருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.

அப்பாரு படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் சொன்னதற்கு மேல் நான் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கற்கவில்லை. மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும்.