மூன்று பெயர் கொண்ட கப்பல்

கப்பற் பிரயாணம் பற்றிப் பேசுவோரை இரு சாராராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் பழைய கப்பல்களின் இரசிகர்கள். கூரிய முகப்பும் உயர்ந்த புகைபோக்கியும் கொண்டு, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மனிதரைக் கொண்டு சேர்ப்பதே அவர்களுக்குக் கப்பல். இன்றைய உல்லாசக் கப்பல்களை 'மிதக்கும் ஹோட்டல்கள்' என்று அவர்கள் ஏளனம் செய்வர். மறு சாராரோ, "அன்று முதலாம் வகுப்பில் பிரபுக்கள் மட்டும் கண்ட சுகத்தை இன்று ஓர் ஆசிரியரும் ஓர் இலிகிதரும் ஒரு வாரமாவது அனுபவிக்கிறார்களே, அதில் என்ன குறை?" என்று கேட்பர். இரு பக்கமும் நியாயம் உண்டு. இந்த இரு வாழ்வையும் வாழ்ந்து முடித்த ஒரு கப்பலின் வரலாறு இவ்விவாதத்திற்கு வெளிச்சம் தரக்கூடியது.

1960 மே 11ஆம் திகதி, பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் பார்த்திருக்க, அவரது துணைவியார் சென் நசேர் கப்பற்தளத்தில் அதற்குப் பெயர் சூட்டினார். நாட்டின் பெயரே கப்பலின் பெயருமாயிற்று: 'பிரான்ஸ்'. நீளம் சுமார் 316 மீற்றர். 2004இல் 'குயின் மேரி 2' வரும்வரை இதைவிட நீளமான பயணிகள் கப்பல் கட்டப்படவில்லை. 1962 பெப்ரவரியில் லே ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயோர்க்கிற்குத் தன் கன்னிப் பயணத்தை அது மேற்கொண்டது.

ஆனால் அது காலந் தாழ்த்திப் பிறந்த பிள்ளை. 1958 ஒக்டோபரிலேயே ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டன. கப்பல் ஐந்து நாட்களில் கடந்த தூரத்தை விமானம் சில மணித்தியாலங்களில் கடந்தது. அரசின் மானியமே கப்பலை ஓட வைத்தது. 1973இன் இறுதியில் எண்ணெய் விலை பல மடங்கு உயர, அடுத்த ஆண்டு மானியத்தை நிறுத்த அரசு முடிவு செய்தது. 1974 செப்டெம்பரில் கப்பலின் ஊழியர்களே கப்பலைக் கைப்பற்றி, லே ஹாவ்ர் துறைமுக வாயிலை மறித்து நின்றனர். போராட்டம் தோற்றது. கப்பல் ஒதுக்குப்புறமான துறையொன்றில் ஆண்டுக்கணக்கிற் கட்டி வைக்கப்பட்டது. அவ்விடத்தை மக்கள் 'மறதித் துறை' என்றழைத்தனர். 1975இல் மிஷெல் சார்து அக்கப்பலைப் பற்றிப் பாடிய பாடல் நாடெங்கும் பிரபலமாயிற்று.

1977இல் சவூதி வர்த்தகர் அக்ரம் ஒஜ்ஜே அதனை வாங்கினார். 1979இல் அது நோர்வே நாட்டுக் கம்பனியொன்றின் கைக்கு மாறி, மறு ஆண்டு 'நோர்வே' என்ற புதுப்பெயருடன் மியாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் செல்லலாயிற்று. மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் ஓடியதற்கு இப்போது அவசரம் எதுவும் இருக்கவில்லை. தண்ணீரைத் தள்ளிய நான்கு விசிறிகளில் இரண்டு அகற்றப்பட்டன. பயணிகள் உலாவிய மூடிய தளங்கள் கடைத்தெருக்களாயின. சிறிய தீவுகளின் இறங்குதுறைகளை அணுக முடியாதபடி அது பெரிதாயிருந்ததால், பயணிகளைக் கரைசேர்க்கவென இரு படகுகளைத் தன் முன்தளத்திலேயே சுமந்து சென்றது. 1990இல் மேலே இரு தளங்கள் கூட்டப்பட்டபோது, அழகு கெட்டதென்று பழைய இரசிகர்கள் வருந்தினர். அவர்களது வருத்தம் நியாயமானதே. எனினும், அவர்கள் வெறுத்த உல்லாசப் பயணமே மறதித் துறையில் கிடந்த கப்பலுக்கு மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயுள் கொடுத்தது என்பதையும் மறுக்க முடியாது.

2003 மே 25ஆம் திகதி காலை, மியாமி துறைமுகத்தில் கொதிகலனொன்று வெடித்தது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். எண்மரும் கப்பல் ஊழியர்கள். உலோகம் களைத்து வெடிப்புக் கண்டிருந்ததையும், பராமரிப்பிலும் பரிசோதனையிலும் இருந்த குறைபாடுகளையும் அமெரிக்க விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர். பழைய நீராவிக் கப்பலின் கம்பீரத்தை நாம் வியக்கிறோம். அந்த நீராவியின் முன்னால் நின்று வேலை செய்தவர்கள் இவர்கள்.

அதன்பின் கப்பல் ஜேர்மனிக்கும் மலேசியாவுக்கும் இழுத்துச் செல்லப்பட்டு, 2006இல் 'புளூ லேடி' என்ற மூன்றாவது பெயருடன் குஜராத்தின் அலாங் கடற்கரையை அடைந்தது. அதன் உடலெங்கும் அஸ்பெஸ்டோஸ் நிறைந்திருந்ததால் உடைக்கக் கூடாதென இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2007 செப்டெம்பரில் நீதிமன்றம் அனுமதி வழங்கியது. ஒடிஷா, பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து கூலிக்கு வருவோர் கப்பல்களை வெட்டும் கரை அது. முகப்பின் நுனி மட்டும் தப்பி, 2009இல் பாரிஸில் ஏலம் போனது. 2018 முதல் அது லே ஹாவ்ர் நகரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

விவாதம் இன்னும் ஓயவில்லை. 2021இல் வெனிஸ் நகரின் மையக் கால்வாய்களுக்குள் பாரிய உல்லாசக் கப்பல்கள் நுழைவதை இத்தாலி தடை செய்தது. 2024இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடிய 'ஐகன் ஒஃப் த சீஸ்' சேவைக்கு வந்தது. பழையதா, புதியதா என்று வாதிடும் இரு சாராரும் பெரும்பாலும் மேற்தளத்தில் நின்றே பேசுகிறார்கள். துறைமுக வாயிலை மறித்த ஊழியர்களும், கொதிகலன் வெடித்து மாண்ட எண்மரும், அலாங்கில் இரும்பு வெட்டியவர்களும் அந்தப் பேச்சில் அபூர்வமாகவே இடம்பெறுகிறார்கள். 'பிரான்ஸ்' கப்பலை நினைவுகூர விரும்புபவர் அந்த முகப்பு நுனியோடு இவர்களையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும் என்பது என் எண்ணம்.