மரத்தின் காயமும் மனிதனின் மருந்தும்

மரங்களுக்கும் பிணி உண்டு என்பதை மனிதன் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறான். அப்பிணிக்கு மருந்திடவும் முயன்றிருக்கிறான். சுரபாலர் இயற்றிய 'விருட்சாயுர்வேதம்' என்னும் வடமொழி நூல், மரங்களின் நோய்களை மனிதரின் நோய்களைப் போலவே வாதம், பித்தம், கபம் என வகுத்து மருந்து கூறுகின்றது. நம் சிற்றூர்களில் முருங்கைப் போத்தை நட்டவுடன் அதன் வெட்டுவாயில் ஒரு பிடி சாணத்தை அப்பிவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. காயத்தைக் கண்டால் அதை மூடிவிட வேண்டும் என்னும் எண்ணம் மனிதருக்கு இயல்பானது, இரக்கத்தில் பிறப்பது. ஆனால், இரக்கம் மட்டுமே மருத்துவம் ஆகிவிடுமா? மேலைநாடுகளில் 'மர அறுவை மருத்துவர்' என்று பெயர் பெற்ற உழைப்பாளரின் வரலாறு, இந்த வினாவிற்கு விடை தேடிய வரலாறு எனலாம்.

அரண்மனைத் தோட்டத்துக் களிம்பு

ஸ்காட்லாந்தில் 1737ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் ஃபோர்சைத், 1784இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அரண்மனைத் தோட்டங்களுக்குப் பொறுப்பாளர் ஆனார். பசுஞ்சாணம், பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரை, மரச் சாம்பல், ஆற்று மணல் ஆகியவற்றைக் குழைத்து அவர் ஒரு களிம்பு செய்தார். உளுத்துப் பொந்தான மரத்திலும் இக்களிம்பைப் பூசினால் அது மீண்டும் வைரம் பாய்ந்த மரமாகிவிடும் என்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல்கள் ஓக் மரத்தால் கட்டப்பட்டன. கெட்டுப்போன ஓக் மரங்கள் தேறுமென்றால் அது நாட்டின் பாதுகாப்புக்கே நன்மையன்றோ? எனவே, களிம்பின் செய்முறையை வெளியிடுவதற்காகப் பாராளுமன்றமே அவருக்கு 1500 பவுன் வழங்கிற்று. ஆயினும் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்னும் தோட்டக்கலை அறிஞர், உளுத்த மரம் ஒருநாளும் பழைய நிலைக்குத் திரும்பாது என வாதிட்டார். ஃபோர்சைத் 1804இல் மறைந்தார். மஞ்சள் நிறப் பூக்கள் மலரும் 'ஃபோர்சித்தியா' என்னும் செடியினம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. களிம்பைப் பற்றிய வாதமோ அவரோடு முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வளர்ந்த தொழில்

மர மருத்துவத்தை ஒரு தொழிலாக நிலைநாட்டியவர் ஜான் டேவி. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1846இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த இவர், இருபது வயது வரை எழுத்தறிவு பெறாதவர். 1873இல் அமெரிக்கா சென்றார். பின்னர் ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் நகரில், பராமரிப்பின்றிக் கிடந்த கல்லறைத் தோட்டம் ஒன்றின் காவற்பணி இவருக்குக் கிடைத்தது. அங்கிருந்த நலிந்த மரங்களே இவருடைய முதல் நோயாளிகள்.

தாம் கற்றவற்றையெல்லாம் திரட்டி, புகைப்படங்களுடன் 'மர மருத்துவர்' என்னும் நூலை 1901இல் வெளியிட்டார். 1909இல் இவருடைய நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றது. தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கும் பள்ளியும் உருவாயிற்று. மரத்தை வெட்டி விற்பவருக்கே ஊதியம் கிடைத்த உலகில், மரத்தை வெட்டாமல் காப்பதற்கும் ஒருவருக்குக் கூலி கொடுக்கலாம் என்னும் கருத்தை இவர் வேரூன்றச் செய்தார். அதுவே இவர் செய்த பெருந்தொண்டு என்று கூறவேண்டும்.

இவருடைய வழிவந்தோர் செய்த அறுவை மருத்துவம் பல் மருத்துவத்தை ஒத்திருந்தது. பொந்தில் உளுத்த பகுதி முழுவதையும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கி எடுப்பர். கெடாத கட்டை தெரியும்வரை செதுக்குவர். தேங்கிய நீர் வடியத் துளையிடுவர். உட்புறத்தில் தார் பூசுவர். மரம் காற்றில் அசையும்போது விரிசல் விடாதபடி, சிமெண்ட்டைத் துண்டு துண்டாக அடுக்கி நிரப்புவர். பிளந்த கவைகளை இரும்புத் தண்டாலும் திருகாணியாலும் இணைப்பர். ஒரே மரத்தில் பல நாள்கள் பொறுமையோடு செய்த வேலை அது. கிளையை வெட்டும்போது அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டுவதும், வெட்டுவாயில் சாயம் பூசுவதும் நேர்த்தியான வேலைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டன.

ஆயினும், அவர்களுடைய கைத்திறனுக்கு எட்டாத பிணிகளும் இருந்தன. 1904இல் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையின் செஸ்ட்நட் மரங்களில் காணப்பட்ட ஒரு பூஞ்சண நோய், அரை நூற்றாண்டிற்குள் அமெரிக்கக் கிழக்குக் காடுகளின் பல நூறு கோடி மரங்களை அழித்துவிட்டது. 1930இல் எல்ம் மரக் கொள்ளைநோயும் அந்நாட்டை எட்டியது. தெருவெல்லாம் நிழல் தந்த மரங்களைக் காக்கச் சென்றவர்களே, அவற்றை வரிசையாக வெட்டிச் சாய்க்கவும் நேர்ந்தது.

கயிற்றின் இரு முனைகள்

இத்தொழிலாளரின் அன்றாட வாழ்வு ஒரு கயிற்றில் தொங்குவது. ஏறுபவர் மரத்தின் உயர்ந்த கவையில் கயிற்றைப் போட்டு, இடுப்புப் பட்டையை அதில் பிணைத்து, தாமே இறுக்கவும் தளர்த்தவும் கூடிய முடிச்சின் துணையோடு கிளை நுனிவரை நடந்து செல்வார். கீழே நிற்கும் துணைவர் கருவிகளைக் கட்டி அனுப்புவார். வெட்டிய கிளையைத் தாங்கும் வடத்தை அடிமரத்தில் சுற்றிப் பிடித்து மெல்ல இறக்குவதும் அவர் வேலையே. மேலிருப்பவர் வெட்டுமுன் குரல் கொடுப்பார். கீழிருப்பவர் விலகி நின்று மறுமொழி கூறுவார். அம்மறுமொழி வரும்வரை ரம்பம் அசையாது. ஒருவர் உயிர் மற்றவர் கவனத்தில் இருக்கின்றது.

கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்துவதில்லை. முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டு. சற்று வெளியே மேற்புறத்தில் மறு வெட்டு. பாரம் விழுந்தபின் எஞ்சிய முண்டை நீக்க மூன்றாம் வெட்டு. இல்லையேல், விழும் கிளை அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். காலில் ஆணி முள் கட்டி ஏறுவது எளிது; ஆனால், பிழைக்க வேண்டிய மரத்தில் அவ்வாறு ஏறக்கூடாது. ஒவ்வோர் அடியும் ஒரு காயமாகிவிடும்.

உறுதியாகத் தோன்றும் பட்டகிளை, இலைகளுக்குள் மறைந்திருக்கும் மின்கம்பி, மழையில் வழுக்கும் பட்டை ஆகியவை அவர்களுடைய அன்றாடக் கவலைகள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒருவரே தூக்கக்கூடிய சங்கிலி ரம்பம் வந்தபோது உழைப்புக் குறைந்தது, ஆபத்துப் பெருகியது. 1968இல் நியூயார்க் மாநிலத்தில், மரவேலையில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர், இத்தொழிலுக்குப் பாதுகாப்பு விதிகள் வேண்டுமென்று அரசுகளுக்கெல்லாம் கடிதங்கள் எழுதலானார். அதன் பயனாக 1972இல் மரத்தொழிலாளருக்கான முதல் பாதுகாப்பு விதித்தொகுப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. இன்று தலைக்கவசம் அணிந்து மரமேறும் எத்தனையோ பேர் அத்தாயை அறியார். அவர்களுடைய பாதுகாப்பில் அத்தாயின் கண்ணீருக்கும் பங்குண்டு.

மரத்தைப் பிளந்து பார்த்தவர்

நல்லெண்ணத்தோடு செய்த இந்த மருத்துவம் மரத்திற்கு உண்மையில் நன்மை செய்ததா? இதைச் சோதித்தவர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006). அமெரிக்க வனத்துறையில் 1959இல் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த இவர், மரங்களைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, சங்கிலி ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தார். ஏறத்தாழ 15,000 மரங்களை அவ்வாறு ஆராய்ந்தார்.

அவர் கண்டது இதுதான்: மரத்தின் காயம் ஆறுவதில்லை. நம் உடலில் கெட்ட தசைக்குப் பதிலாக அதே இடத்தில் புதுத் தசை வளர்கின்றது. மரத்தால் அது இயலாது. அது காயத்தைச் சுற்றி நான்கு அரண்களை எழுப்புகின்றது. மேலும் கீழும் செல்லும் நீர்க்குழல்களை அடைப்பது முதல் அரண். ஆண்டு வளையங்கள் உள்நோக்கிய பரவலைத் தடுப்பது இரண்டாவது. ஆரங்கள் பக்கவாட்டுப் பரவலைத் தடுப்பது மூன்றாவது. காயம்பட்ட பின் பட்டையின் அடியில் உருவாகும் தடுப்புப் படலம் நான்காவது. அதுவே வலிமை மிக்கது. கெட்டதை உள்ளேயே சிறையிட்டு, அதற்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொண்டு மரம் வாழ்கின்றது. 1977இல் வெளியிடப்பட்ட இக்கொள்கை, தொழிலின் அடித்தளத்தையே அசைத்தது.

கெடாத கட்டை தெரியும்வரை செதுக்கிய உளி, மரம் அரும்பாடுபட்டு எழுப்பிய அரணையே உடைத்திருந்தது. நீர் வடியப் போட்ட துளையும் அவ்வாறே. பூசிய சாயமும் தாரும் உளுப்பைத் தடுக்கவில்லை. அடிமரத்தோடு ஒட்ட வழித்த வெட்டு, கிளையின் அடியில் புடைத்து நிற்கும் கழுத்தை நீக்கி, தடுப்பு எழ வேண்டிய இடத்தையே திறந்துவிட்டது. நேர்த்தி எனப் போற்றப்பட்டதே காயமாயிற்று.

பல பத்தாண்டுகள் கற்ற கைவேலையைத் தவறென்று விடுவது எளிதன்று, எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும், உளியும் சிமெண்ட்டும் படிப்படியாக மறைந்தன. இன்றைய தொழிலாளர் கழுத்தை விட்டு அதன் வெளியே வெட்டுகின்றனர். வெட்டுவாயைத் திறந்தே விடுகின்றனர். மரத்தின் உச்சியை மொட்டையடிக்கச் சொல்லும் உரிமையாளரிடம், 'வேண்டாம், அவ்விடத்தில் எழும் கிளைகள் பலமற்றவையாய் முறியும்' என்று எடுத்துரைப்பதும் அவர்கள் கடமையாயிற்று. மறுத்தால் அவ்வேலை வேறொருவருக்குப் போகும். அன்றைய கூலியும் போகும். இத்தொழிலின் அறம் நாள்தோறும் சோதிக்கப்படுவது இங்கேதான்.

மரம் கற்பித்தது

1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தில் வீசிய புயல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில், அதற்கு முன்பே நலிந்திருந்த ஒரு முதிய ஓக் மரத்தை அப்புயல் வேரோடு தூக்கி, மீண்டும் அதே இடத்தில் அமர்த்தியது. அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முட்டுக்கொடுத்து விட்டனர். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது முன்னிலும் செழித்திருந்தது. பார்வையாளர் காலடிகளால் இறுகிப்போன மண்ணைப் புயல் தளர்த்திவிட்டது என்பது அப்போதுதான் புலனாயிற்று. நோய் கிளையில் இல்லை, மண்ணில் இருந்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான சான்று உண்டு. கொல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரத் தோட்டத்து ஆலமரம், 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் காயமுற்றுப் பூஞ்சணத்திற்கு ஆளானது. 1925இல் அதன் தாய்மரத்தையே வெட்டி அகற்றினர். ஆனால், விழுதுகளையே கால்களாக ஊன்றி அது இன்றும் ஒரு தோப்பாக விரிந்து நிற்கின்றது.

நலம் தரும் ஆற்றல் மரத்திடமே உள்ளது. மருத்துவர் அதற்கு வழிவிடலாம், அல்லது வழியை அடைக்கலாம். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் களிம்பும் சிமெண்ட்டும் பூசியபின் இத்தொழிலாளர் கற்றுக்கொண்ட பாடம் இதுவே. எங்கே வெட்டலாம் என்பதைக் கைப்பழக்கம் கற்றுத் தரும். எங்கே கைவைக்கக் கூடாது என்பதை மரத்திடம்தான் கற்கவேண்டும். காயப்பட்ட மனிதரை அணுகும் நமக்கும் இப்பாடம் அயலானதன்று.