விளையாட்டின் ஒப்புநோக்காளர்கள்

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். தாயார் பேசி முடித்த பின்னர் "மாமா, சுகமா இருக்கிறியளோ?" என்ற ஒரு வரியுடன் நிறுத்திக்கொள்வது அவன் வழக்கம். அன்று தானாகவே அழைத்திருந்தான். கணினி விளையாட்டுக்களைத் தயாரிக்கும் நிறுவனமொன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், சேர்வதா விடுவதா என்று தெரியவில்லை என்றும் சொன்னான். என்ன வேலை என்று கேட்டேன்.

"விளையாடிப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை மாமா. ரெஸ்ரர்."

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினது விளையாடவோ எண்டு கேளுங்கோ அண்ணா."

கணினி விளையாட்டைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறான் என்று யோசித்தேன். அவனே விடை சொன்னான். "நீங்களும் புறூவ் றீடராத்தானே தொடங்கினீங்கள்?"

உண்மைதான். பத்திரிகையில் என் பெயர் அச்சாவதற்கு முன்னர் மூன்று ஆண்டுகள் நான் ஒப்புநோக்காளனாக இருந்தேன். ஈயவெழுத்துக் காலம் அது. அச்சுக்கோர்ப்பாளர் மை காயாத படியைக் கொண்டுவந்து மேசையில் போடுவார். மூலப்பிரதியை ஒருவர் வாசிக்க மற்றவர் படியில் பேனாவை ஓட்டுவார். பிழை பிடித்தால் எவரும் பாராட்டுவதில்லை. தப்பவிட்டால் மறுநாள் காலையில் ஆசிரியபீடம் முழுவதும் அவரைத் தேடும். ஒருமுறை மரண அறிவித்தலொன்றில் காலமான தகப்பனாரின் பெயரும் அறிவித்தலைக் கொடுத்த மகனின் பெயரும் இடம்மாறிப் போயின. படியில் கையொப்பமிட்டவன் நான். மறுநாள் அந்த மகனே நேரில் வந்து, தாம் இன்னும் உயிரோடிருப்பதாக மிக அமைதியாகத் தெரிவித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே மருமகனுக்கு உடனே பதில் சொல்லாமல், இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று சில வாரங்கள் தேடி வாசித்தேன். அதில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் சோதனையாளர் என்றொரு தனி ஆள் இருந்ததில்லை. விளையாட்டை ஆக்கியவரே அதைச் சோதித்தார், அல்லது வாடிக்கையாளர் சோதித்தார். 1972இல் அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் ஆக்கிய 'பொங்' இயந்திரத்தைக் கலிபோர்னியாவின் சனிவேல் நகரில் அன்டி கப்ஸ் என்ற மதுச்சாலையில் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தார். காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்திருந்தது! இத்துறையின் சோதனை அறிக்கைகளில் இதைவிட இனிமையானது பிற்பாடு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அதே அட்டாரி அந்நாளில் விளையாட்டை ஆக்கியவரின் பெயரை எங்கும் வெளியிடுவதில்லை. இதனால் மனம் கசந்த வாரன் ரொபினெற் என்பவர், தாம் எழுதிய 'அட்வென்சர்' விளையாட்டில் ஓர் இரகசிய அறையை அமைத்து அதற்குள் தம் பெயரை எழுதிவைத்தார். ஒரேயொரு சாம்பல்நிறப் புள்ளியைத் தேடியெடுத்துச் சென்றால்தான் அந்த அறை திறக்கும். நிறுவனத்தில் எவர் கண்ணிலும் அது படவில்லை. 1980இல் விளையாட்டு விற்பனைக்கு வந்தபின், சோல்ற் லேக் நகரத்துச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். எங்களுடைய பிழைகளையும் ஆசிரியபீடம் முழுவதும் தப்பவிட்ட பின்னர், கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்.

அதே 1980இல் யப்பானில் வெளிவந்த 'பக்-மான்' விளையாட்டிலும் பெயர்பெற்ற ஒரு வழு உண்டு. 256ஆவது கட்டத்தை எட்டியதும் திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிவிடும். கட்டங்களை எண்ணுவதற்கு ஒதுக்கிய இடத்தில் 255க்கு மேல் எண்ண முடியாமையே காரணம். ஆனால் அவ்வளவு தூரம் எவர் விளையாடப்போகிறார்கள் என்று ஆக்கியவர்கள் எண்ணியிருந்தால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

குறைகூற வேண்டியது 1982இல் நடந்ததை. ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' திரைப்படம் அவ்வாண்டு யூனில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. நத்தார் விற்பனைக்கு அதன் பெயரில் ஒரு விளையாட்டு வேண்டும் என்று அட்டாரி தீர்மானித்தது. ஹவார்ட் ஸ்கொற் வோர்ஷோ என்ற தனியொருவருக்கு ஐந்து வாரங்கள் கொடுக்கப்பட்டன. ஐந்து வாரத்தில் ஆக்கலாம்; ஆக்கியதைப் பிறரிடம் கொடுத்து அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துத் திருத்தத்தான் காலம் இருப்பதில்லை. விளையாடிய பிள்ளைகள் குழிகளுக்குள் விழுந்தார்கள், ஏறினார்கள், மீண்டும் விழுந்தார்கள். விற்காத கார்ட்ரிட்ஜ்களை 1983இல் நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்த இச்சம்பவம், 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது உறுதியாயிற்று. அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை 1983இல் சரிந்ததற்கு இந்த ஒரு விளையாட்டே காரணம் என்பது மிகை; தரமற்றவை மலிந்ததே காரணம். 'ஈ.ரி.' அதன் அடையாளமாக நிலைத்துவிட்டது.

சரிந்த சந்தையில் 1985இல் காலூன்ற வந்த நின்டெண்டோ, தன் அமெரிக்கக் கிளையில் ஓர் விசித்திரமான மனிதரை நம்பியது. ஹவார்ட் பிலிப்ஸ் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தவர். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர், வந்த விளையாட்டுக்களையெல்லாம் விளையாடித் தீர்த்ததால், எது அமெரிக்கருக்குப் பிடிக்கும் எது பிடிக்காது என்று சொல்லும் நிலைக்கு உயர்ந்தார். யப்பானிலிருந்து வந்த இரண்டாவது 'சூப்பர் மாரியோ' அளவுமீறிக் கடினமானது, விளையாடுபவரைத் தண்டிப்பது என்று அவர் அபிப்பிராயம் கூறினார். நிறுவனம் கேட்டது. அதற்குப் பதிலாக 'டோக்கி டோக்கி பனிக்' என்ற வேறொரு விளையாட்டின் பாத்திரங்களை மாற்றி, 1988இல் 'சூப்பர் மாரியோ 2' என்று அமெரிக்காவில் விற்றார்கள். ஒரு களஞ்சியக்காரரின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு! அவர் சொல் கேட்கும் தூரத்தில் முடிவெடுப்பவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

சோதனை தனித்தொழிலாக நிலைபெற்றதற்குக் கார்ட்ரிட்ஜே முக்கிய காரணம் என்பேன். சில்லில் ஒருமுறை பதித்தால் திருத்த வழியில்லை. எனவே அச்சேறுமுன் எல்லாப் பிழையும் பிடிபடவேண்டும். வெளியில் நிற்பவருக்கு இது விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் சோதனையாளர், ஒரு கட்டடத்தின் எல்லாச் சுவர்களிலும் தம் பாத்திரத்தை ஒவ்வோர் அடியாக முட்டவிட்டுப் பார்ப்பார், எங்காவது ஓட்டையால் வெளியே விழுகிறதா என்று. பதிவு நடக்கும்போது கைக்கருவியைப் பிடுங்குவார். ஒரே கதவை நூறு முறை திறப்பார். வழு அகப்பட்டதும் அதை மீண்டும் வரவழைக்கத் தெரியவேண்டும். எந்தப் பதிப்பில், எந்தப் படிமுறையில், பத்துக்கு எத்தனை தடவை தோன்றுகிறது என்று எழுதவேண்டும். திருத்தி வந்ததும், அந்தத் திருத்தம் வேறெதையாவது உடைத்துவிட்டதா என்று முழுவதையும் மறுபடி பார்க்கவேண்டும். எழுத்துக்கூட்டலைத் திருத்தப் போன அச்சுக்கோர்ப்பாளர் அடுத்த வரியைத் தலைகீழாக வைத்துவிட்டு வருவதை நான் எத்தனை முறை கண்டிருக்கிறேன்!

இந்த வாசலால் நுழைந்து உயர்ந்தவர்கள் உண்டு. ஃபேர்கஸ் உர்குவார்ட் 1991இல் கலிபோர்னியாவின் இன்டர்பிளே நிறுவனத்தில் சோதனையாளராகத் தொடங்கியவர். சில ஆண்டுகளில் அதன் பிளக் ஐல் பிரிவுக்குத் தலைவரானார். 2003இல் நண்பர்களுடன் ஒப்சிடியன் நிறுவனத்தை நிறுவினார். என்னை அதிகம் கவர்ந்தவர் ஹார்வி ஸ்மித். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிவிட்டு, 1993இல் ரெக்ஸாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் ஒரிஜின் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். 1994இல் வந்த 'சிஸ்ரம் ஷொக்' விளையாட்டின் தலைமைச் சோதனையாளர் அவர். அதை ஆக்கிய குழு மசசூசெற்ஸில் இருந்தது. தயாரிப்பாளரான வாரன் ஸ்பெக்ரர் ஒரிஜினைச் சேர்ந்தவர். 2000இல் ஸ்பெக்ரர் தலைமையில் 'டியூஸ் எக்ஸ்' வெளிவந்தபோது அதன் தலைமை வடிவமைப்பாளர் ஹார்வி ஸ்மித். 2012இல் வந்து, மறுவருடம் பிரித்தானிய பஃப்டா விருதில் சிறந்த விளையாட்டாகத் தெரிவான 'டிஸ்ஹொனேர்ட்'டின் படைப்பாக்க இயக்குநர் இருவரில் அவரும் ஒருவர்.

திறமை இல்லாமல் இது நடவாது. ஆனால் திறமையைப் பார்க்க ஒருவர் அருகில் இருந்தார். நானும் ஆசிரியபீடத்துக்குப் போனது, செய்தி ஆசிரியர் தேநீர் குடிக்க எங்கள் மேசையைத் தாண்டிப் போகவேண்டியிருந்ததால்தான்.

அந்த அருகாமையைத்தான் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். இதன் வேரைத் தேடியபோது, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் என் பழைய தொழிலையே கண்டேன். மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் பலரை நிரந்தர ஊழியராகக் கொள்ளாமல் வேலை வாங்கியது. அவர்கள் 1992இல் தொடுத்த 'விஸ்கைனோ' வழக்கின் தீர்ப்பு, அவர்கள் செய்த வேலைகளை வரிசைப்படுத்துகிறது. மென்பொருட் சோதனையும் அங்கே உண்டு, ஒப்புநோக்குதலும் உண்டு. வேறு நிற அடையாள அட்டை அணிந்தார்கள், நிறுவன வைபவங்களுக்கு அழைக்கப்படவில்லை என்பவையும் அதில் பதிவாகியுள்ளன. 2000ஆம் ஆண்டில் 97 மில்லியன் டொலருக்கு வழக்கு இணக்கமாயிற்று. விளைவு? முகவர் நிறுவனங்கள் ஊடாக வரும் தற்காலிகத் தொழிலாளர் பன்னிரண்டு மாதம் வேலை செய்தால் நூறு நாட்கள் விலகி நிற்கவேண்டும் என்று ஒரு விதி அங்கே வந்தது. வெற்றிபெற்ற வழக்கு, வருங்காலத்தவருக்கு வாசலை இன்னும் ஒடுக்கிவிட்டது.

இன்னொரு மாற்றம் இணையம். விற்றபின்னும் திருத்தி அனுப்பலாம் என்றானதும், அச்சேறுமுன் திருத்தும் அவசரம் குறைந்தது. 2020 டிசம்பர் 10இல் வெளியான 'சைபர்பங்க் 2077' வழுக்கள் மலிந்திருந்ததால், சோனி அதை ஒரு வாரத்தில் தன் இணையக் கடையிலிருந்தே அகற்றி, மறுவருடம் யூனில்தான் திரும்ப வைத்தது. இப்படி ஏதாவது நடந்தால் "சோதித்தவர்கள் தூங்கினார்களா?" என்று உலகம் கேட்கும். சோதனையாளர் எழுதிக் கொடுத்த வழுவில் எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது என்று தீர்மானிப்பவர் வேறொருவர் என்பது வெளியே தெரிவதில்லை.

2021 டிசம்பரில் விஸ்கொன்சின் மாநிலத்து ரேவன் நிறுவனத்தில் 'கோல் ஒவ் டியூட்டி' விளையாட்டின் சோதனையாளர் பன்னிருவரிடம், ஒப்பந்தம் நீடிக்கப்படாது என்று சொல்லப்பட்டது. சக தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். மறுவருடம் மே மாதம் 19க்கு 3 என்ற வாக்கில் சோதனையாளர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். இருபத்திரண்டே வாக்குகள், ஆனால் அமெரிக்காவின் பெரிய விளையாட்டு நிறுவனமொன்றில் அமைந்த முதற் சங்கம் அதுவே. அவ்வாண்டு டிசம்பரில் அல்பனி நகரில் 14க்கு 0. 2023 ஜனவரியில் மைக்ரோசொவ்ற்றுக்குச் சொந்தமான செனிமக்ஸில் ஏறத்தாழ 300 சோதனையாளர்கள் சேர்ந்தார்கள். மைக்ரோசொவ்ற் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டது. 2025இல் அவர்கள் நிறைவேற்றிய ஒப்பந்தத்தில் சம்பள உயர்வுடன் இன்னொன்றும் உண்டு: விளையாட்டின் பெயர்ப்பட்டியலில் சோதனையாளரின் பங்களிப்பை உரியமுறையில் குறிப்பிடவேண்டும். ரொபினெற் இரகசிய அறைக்குள் எழுதியதை இவர்கள் ஒப்பந்தத்தில் எழுதுவித்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் மருமகனிடம் சொல்லிவிட்டு, சேர்வதற்கு முன்னர் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார் என்றேன். சோதனையாளர்கள் எங்கே அமர்கிறார்கள்? பெயர்ப்பட்டியலில் அவர்கள் பெயர் வருமா? இரண்டு நாட்களின் பின் அழைத்தான். ஆக்குநர்கள் நான்காம் மாடி, இவர்கள் முதலாம் மாடி. ஆனால் வாரம் ஒருமுறை வழுக் கூட்டத்துக்கு மேலே போகலாமாம். விளையாட்டு வெளியாகும் நாளில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் வருமாம்.

"விளையாட்டு எப்ப வெளியாகுது?"

"அடுத்த மார்ச் மாமா. என்ரை ஒப்பந்தம் பெப்ரவரியிலை முடியுது."

போன திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டான்.