யேனாவின் கண்ணாடி

விஞ்ஞானத்தின் வரலாறு தனி மேதைகளின் வரலாறாகவே நமது மாணவருக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி றொபேட் கொக் சயரோகக் கிருமியைப் பற்றிப் பேர்லின் நகரில் அறிவித்தார் என்று படிக்கின்றோம். அத்துடன் பாடம் முடிந்துவிடுகின்றது. அக்கிருமியை அவர் எக்கருவியாற் கண்டார், அக்கருவியைச் செய்தோர் யாவர், அவர்கள் நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் உழைத்தனர் என்ற வினாக்கள் எழுவதில்லை. எழுப்புவோமாயின், ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள யேனா என்னும் சிறு நகருக்கு நாம் செல்லவேண்டும்.

அந்நகரிலே கார்ல் சைஸ் என்பவர் 1846இல் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கி நுணுக்குக்காட்டிகள் செய்துவந்தார். வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, தெளிவாகத் தெரிவதை வைத்துக்கொள்வதே அக்காலத்து முறை. கணிதத்தினால் முன்கூட்டியே வில்லையை வகுக்க இயலாதா என்று எண்ணிய சைஸ், 1866இல் யேனா சர்வகலாசாலையின் இளம் ஆசிரியரான ஏர்ன்ஸ்ட் அபேயைத் துணைக்கு அழைத்தார். அபே 1873இல் வெளியிட்ட முடிபு எதிர்பாராதது. எவ்வளவு திறமையாகத் தீட்டினாலும், ஒளியலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைந்த இடைவெளியை வில்லை பிரித்துக் காட்டாது. தடை கைவினைஞனிடத்தில் இல்லை, ஒளியின் இயல்பிலேயே உள்ளது என்பதே அது. எல்லையை அறிந்தபின் அவ்வெல்லைவரை செல்லும் வழியும் புலனாயிற்று. பொருளின்மீது ஒளியைக் குவிக்கும் அமைப்பொன்றை அபே வகுத்தார். 1878இல் வில்லைக்கும் பொருளுக்கும் இடையே தேவதாரு எண்ணெயை இட்டுப் பார்க்கும் வில்லை வந்தது. அதே ஆண்டிலே காயங்களிற் பரவும் நோய்களைப் பற்றிய தமது ஆய்வில் கொக் இவ்விரண்டையும் பயன்படுத்தினார். நிலக்கரித் தாரிலிருந்து இரசாயனிகள் ஆக்கிய சாயங்களும் சேர்ந்தன. கண்ணுக்கு எட்டாத கிருமி நிறம் பெற்றுத் தோன்றியது.

ஆயினும் ஒரு குறை நின்றது. அன்றைய கண்ணாடி பெரும்பாலும் மணல், சோடா, பொட்டாசு, சுண்ணாம்பு, ஈயம் என்ற சிலவற்றாலேயே ஆனது. அதனாற் செய்த வில்லைகளில் உருவத்தின் விளிம்பிலே நிறக்கறை படிந்தது. கணிதம் கேட்ட கண்ணாடி உலகில் இருக்கவில்லை. 1879இல் ஒட்டோ ஷொட் என்னும் இளம் இரசாயனி, கண்ணாடித் தொழிற் குடும்பத்திற் பிறந்தவர், தாம் உருக்கிய புதிய கண்ணாடியொன்றின் மாதிரியை அபேக்கு அனுப்பினார். அம்மாதிரி பயன்படவில்லை, ஆனால் அனுப்பியவரின் முறை அபேயைக் கவர்ந்தது. ஒரு பொருளைச் சேர்த்து உருக்குவது, ஒளி எவ்வாறு முறிகின்றது என அளப்பது, மீண்டும் உருக்குவது என்று வேலை நடந்தது. போரன், பொசுபரசு, பேரியம் எனப் பல மூலகங்கள் கண்ணாடியில் இடம்பெற்றன. ஷொட் 1882இல் யேனாவுக்கு வந்தார்; 1884இல் கண்ணாடி ஆய்வுகூடம் எழுந்தது. 1886இல் வெளியிட்ட முதற் பட்டியலில் 44 வகைக் கண்ணாடிகள் இருந்தன. நிறக்கறை பெரிதும் நீங்கிய வில்லைகளும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன.

அதே உலையிலிருந்து வைத்தியருக்கு இன்னொரு நன்மையும் கிட்டியது. வெப்பமானியைச் சூடாக்கி ஆறவிட்டால் அதன் குமிழ் உடனே பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இரசம் தாழ்ந்து நின்று பொய்யான அளவைக் காட்டும். நோயாளியின் காய்ச்சலை அளப்பதிலோ பாகையின் பத்திலொரு பங்கும் பொருளுடையது. சோடாவும் பொட்டாசும் ஒருங்கே கலந்த கண்ணாடியில் இக்குற்றம் மிகுதி என்பது சோதனைகளால் வெளிப்பட்டது. பொட்டாசை நீக்கிச் சோடாவை மட்டும் கொண்ட புதிய கண்ணாடியை ஷொட் உருக்கினார்; வெப்பமானி நம்பத்தக்கதாயிற்று. இவ்வாறு பௌதிகமும் இரசாயனமும் மருத்துவமும் ஒரே உலைவாயிற் சந்தித்தன.

இக்கதையில் நாம் பெரிதாக மதிப்பது இதற்கு மேலும் உள்ளது. அபேயின் தந்தை ஐசனாக் நகரின் நூற்பாலைத் தொழிலாளி. நாளுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணிநேரம் நின்றபடியே வேலை செய்தவர். சிறுவனான அபே கொண்டுசெல்லும் மதிய உணவை இயந்திரத்திற் சாய்ந்தவாறே அவசரமாக உண்டவர். பெருஞ்செல்வரான பின்னரும் மகன் இதை மறக்கவில்லை. சைஸ் மறைந்த மறு ஆண்டான 1889இல் ஒரு பொது நிதியத்தை நிறுவி, 1891இல் இரு தொழிற்சாலைகளிலும் தமக்கிருந்த பங்குகளை அதற்கே அளித்துவிட்டார். 1896ஆம் ஆண்டின் சட்டவிதிகள் ஓய்வூதியத்தையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் உறுதிசெய்தன. நிருவாகிகளின் ஊதியம் தொழிலாளரின் சராசரி வருமானத்தின் பத்து மடங்கைத் தாண்டலாகாது என்றும் விதித்தன.

1900இல் ஒன்பது மணிநேர வேலை எட்டு மணியாகக் குறைக்கப்பட்டது. வேலை குறைந்தால் உற்பத்தியும் குறையும் என்பது முதலாளிகளின் மாறாத வாதம். அபே வாதிடவில்லை, அளந்தார். 233 தொழிலாளரின் கணக்கை ஒப்பிட்டபோது, மணிக்குரிய உற்பத்தி ஏறக்குறைய 16 வீதம் உயர்ந்திருந்தது. எட்டு மணிநேர நாளின் உற்பத்தி ஒன்பது மணிநேர நாளினதைச் சிறிது மிஞ்சியது. ஒளியை அளந்த கை உழைப்பையும் அளந்து, ஒரு பொய்யை உடைத்தது.

இதனோடு மற்றொன்றையும் ஒப்பிடுதல் தகும். கொக் 1890இல் சயரோகத்திற்கு மருந்து கண்டதாக அறிவித்தார். அதன் செய்முறையை 1891வரை மறைத்து வைத்தார். நம்பி ஓடிவந்த நோயாளரை அது குணப்படுத்தவில்லை. கிருமியைக் காண்பது ஒன்று, நோயை ஒழிப்பது வேறொன்று. நெருக்கமான குடியிருப்பும் பசியும் இருக்குமளவும் கிருமிக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அதனைக் காட்ட நுணுக்குக்காட்டி வேண்டுவதில்லை.

யேனாவை நாம் பொன்னுலகமாகத் தீட்டவும் வேண்டியதில்லை. ஒரு தொழிற்சாலையின் நல்ல விதிகள் ஒரு நாட்டின் அமைப்பை மாற்றிவிடா. கிருமியைக் காட்டிய அதே கைத்திறன் இரு மகாயுத்தங்களிலும் பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவிகளைச் செய்தது. நாசிகளின் காலத்தில், எட்டு மணிநேர நாளைக் கண்ட அதே தொழிற்சாலையிற் கட்டாய உழைப்பாளர் வதைபட்டனர். விஞ்ஞானம் யாருடைய கையில் இருக்கின்றது என்ற வினாவுக்கு ஒரு நல்ல மனிதனின் நன்கொடை முடிவான விடையாகாது.

எனினும் அவ்வினாவைத் தெளிவாக எழுப்பியவர்களுள் அபேயும் ஒருவர். கண்டுபிடிப்பின் பயன் பலருடைய உழைப்பால் விளைந்தது; ஆதலின் அது ஒருவருடைய சொத்தாகாது என்று அவர் கருதினார். கொக்கின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள் அதன் கீழே அபே, ஷொட் ஆகியோரின் பெயர்களையும் எழுதவேண்டும். பெயர் தெரியாத வில்லை தீட்டியோருக்காகவும் அங்கே ஒரு வரி இடம் விடவேண்டும்.