பெட்ரோல் லைன்: எஃகுக் குழாயும் ரப்பர் ஹோஸும்

2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். தொடக்கத்தில் 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 84 பெட்ரோல் பங்குகளில்தான் கிடைத்தது. இப்போது எந்தப் பங்கில் வண்டியை நிறுத்தினாலும் அநேகமாக அதுதான் டாங்கில் இறங்குகிறது. கம்பெனிக் கார் வைத்திருப்பவருக்காக அதன் விளைவுகளைக் கம்பெனியின் பொறியாளர்கள் யோசிக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் சேசிஸை வெல்டு செய்து, பழைய எஞ்சினை உட்கார வைத்து, மேலே ஃபைபர் கூடு மாட்டுகிறவருக்குப் பொறியாளரும் அவரே. டாங்கிலிருந்து எஞ்சின்வரை பெட்ரோலை எதில் கொண்டுபோவது என்பதை அவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

ஃபைபர் கார் பெங்களூருக்குப் புதிதல்ல. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி, 848 சிசி எஞ்சினோடு சிபானி டால்ஃபின் 1980களில் இங்கிருந்துதான் வந்தது. பின்னாளில் ரெனோ எஞ்சின் பொருத்திய சான் ஸ்டார்மும் ஃபைபர் உடல்தான். ஃபைபர் இலேசானது, துருப்பிடிக்காது, அச்சு இருந்தால் வீட்டிலேயே வார்க்கலாம். ஆனால் தீப்பிடித்தால் கூடும் சேர்ந்து எரியும். தகர உடல் சற்று நேரமாவது தாங்கும், இது தாங்காது. ஆகவே ஃபைபர் காரில் துளிக் கசிவையும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதை மனதில் வைத்துத்தான் எஃகுக் குழாயையும் ரப்பர் ஹோஸையும் நான் எடைபோடுகிறேன்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தக் கேள்வி எளிது. லைனில் அழுத்தம் கால் பார் அளவுதான். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கறுப்பு ஹோஸை டாங்கிலிருந்து எஞ்சின்வரை ஒரே துண்டாக இழுத்துவிட்டாலும் வண்டி ஓடும். இன்று ஒருவர் பழைய காரிலிருந்து கழற்றிக்கொண்டு வருவது பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். அதன் லைனில் சுமார் 3 பார் அழுத்தம். கார்புரேட்டர் வண்டியில் ஹோஸ் விரிசல் விட்டால் ஈரம் கசியும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதே விரிசல் பெட்ரோலைப் பீச்சியடிக்கும். பக்கத்தில் சூடான சைலன்சர் பைப் இருந்தால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இனி எத்தனால். சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறும்போது உப்புகிறது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. தினமும் ஓடும் வண்டியைவிட, மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வெளியே வரும் வண்டியில்தான் இது மோசம், ஏனென்றால் ஊறலும் காய்தலும் அங்கே மாறி மாறி நடக்கின்றன. வெளித்தோல் பளபளவென்று இருக்க, உள்சுவர் உதிர்ந்து ஃபில்டரில் கறுப்புத் துகளாகச் சேரும். கண்ணால் பார்த்து ஹோஸின் நலத்தைச் சொல்லவே முடியாது என்பதுதான் அதன் பெரிய குறை.

எல்லா ஹோஸும் ஒன்றல்ல. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே-30 தரத்தில் ஆர்-7 என்று அச்சிட்டது கார்புரேட்டர் வண்டிக்கானது. ஆர்-9 இன்ஜெக்‌ஷனுக்கானது, உள்ளே ஃப்ளூரோ ரப்பர் பூச்சு உள்ளது. சுவர் வழியாக ஆவி கசியும் வரம்பு ஆர்-7க்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 550 கிராம். ஆர்-9க்கு 15 கிராம். மூடிய ஷெட்டில் கார் நிற்கும்போது அடிக்கும் பெட்ரோல் நெடி பல சமயம் ஜாயின்ட்டிலிருந்து வருவதில்லை, ஹோஸின் உடம்பிலிருந்தே வருகிறது. அச்சே இல்லாத ஹோஸை, விலை எவ்வளவு குறைவானாலும், வாங்கக் கூடாது.

எஃகுக் குழாயின் சுவர் வழியாக ஆவி போகாது. கல் தெறித்தாலும் எலி கடித்தாலும் தாங்கும். சேசிஸோடு கிளிப் போட்டு இறுக்கினால் அசையாது, தொய்ந்து சாலையில் உரசாது. ஆனால் எத்தனால் இதையும் விடுவதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஜூனிலிருந்து அக்டோபர்வரை மழை பெய்யும் ஊரில் அரை டாங்கோடு நிற்கும் காருக்கு அது போதும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். குழாய் எங்கே தாழ்ந்து வளைகிறதோ அங்கே உள்ளிருந்து துரு தொடங்கும். கறைபடாத எஃகு இதைத் தாங்கும். ஆனால் அதை வளைக்க நல்ல பெண்டர் வேண்டும், முனையை விரிக்கவும் பழகிய கை வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் மெஷின்களுக்கு ஹைட்ராலிக் லைன் போடும் பட்டறை ஒன்றில் அளவு கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

சிலர் ஏ.சி. மெக்கானிக்கிடமிருந்து செம்புக் குழாய் வாங்கி வருகிறார்கள். கையாலேயே வளைகிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. அதிர்வில் செம்பு நாளுக்கு நாள் கடினப்பட்டு ஒருநாள் கீறிவிடும். தேங்கிய பெட்ரோல் பிசினாவதையும் அது விரைவுபடுத்தும். நான் அதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

ஒரு விஷயத்தில் ரப்பர் முந்துகிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் சற்று முன்னதாகவே ஆவியாகும். சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் ஊர்ந்தால் எஞ்சின் அறை அடுப்பாகிறது. எஞ்சின்மேல் இருக்கும் பம்ப் டாங்கிலிருந்து உறிஞ்சும் கார்புரேட்டர் வண்டியில் லைனுக்குள் குமிழி கட்டி எஞ்சின் இருமத் தொடங்கும். உலோகம் சூட்டைச் சட்டென்று வாங்கும், ரப்பர் மெதுவாக. எஃகு போடுகிறவர் அதை சைலன்சர் பைப்புக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். வேறு வழியில்லையென்றால் நடுவில் தகரத் தடுப்பு வேண்டும். பம்ப் டாங்குக்குள்ளேயே இருந்து தள்ளும் வண்டியில் இந்தத் தொல்லை குறைவு.

அசைவில்தான் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு தெரிகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, சேசிஸ் ஆடுவதில்லை. இரண்டையும் எஃகுக் குழாயால் கட்டினால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் குழாய் முறுக்கப்பட்டு முனையில் கீறும். அங்கே ஹோஸ் கட்டாயம். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண் போதும். டாங்கின் வாயிலிலும் அப்படியே. மீதியுள்ள இரண்டு மூன்று மீட்டரும் எஃகுதான் என்பது என் தீர்ப்பு. முழுக்க ஹோஸ் இழுத்த கார்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இரண்டும் சேரும் இடத்தில் குழாய் முனையைச் சற்று உப்ப வைத்து, அதைத் தாண்டி ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட வேண்டும். வழவழப்பான நேர்முனையில் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் 3 பார் அழுத்தம் ஹோஸைத் தள்ளிவிடும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் பந்தயங்களின் விதிகள் இதில் கறாரானவை. டாங்குக்கும் எஞ்சினுக்கும் இடையே பிளாஸ்டிக் லைன் கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் திருகும் பல்வெட்டுக் கிளாம்ப்பும் கூடாது. முழு வட்டமாகச் சுற்றி, ஓரம் மடித்த, நட்டு போல்ட்டால் இறுகும் கிளாம்ப்தான் வேண்டும். பல்வெட்டின் கூர் விளிம்பு ரப்பரை அறுக்கும் என்பதுதான் காரணம்.

வீட்டில் கட்டிய காரைச் சாலையில் பதிவு செய்வது நம் நாட்டில் எளிதல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 126 முன்மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறது; தனி ஆளுக்கு அது பெரும் செலவு. பிரிட்டனில் தனிநபர் கட்டிய காருக்கென்றே ஒரு பரிசோதனை இருக்கிறது. இங்கே தனி நிலத்திலோ ட்ராக்கிலோ மட்டும் ஓடும் காரின் பெட்ரோல் லைனை வேறு யாரும் வந்து பார்ப்பதில்லை.

நானாக இருந்தால், மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் ஹோஸ் பக்கத்தில் சேசிஸ்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதுவேன். நல்ல ஆர்-9 ஆனாலும் நான்காம் ஆண்டில் மாற்றுவேன். எஃகை ஆண்டுக்கு ஒருமுறை மழை விட்ட பிறகு பார்ப்பேன், அதுவும் கிளிப்புகளைக் கழற்றி. சேறும் ஈரமும் அடைந்து, துரு முதலில் பிடிப்பது கிளிப்புக்கு அடியில்தான்.